மூட்டைக்காரியின் வயிறு

அந்தச் சலவைக் கடையின் முன்னறையில், துவைத்த உடுப்புகள் தொங்கும் கம்பிக்கும் தெருப்பக்கக் கண்ணாடிக்கும் நடுவே ஒரு தையல் மிஷின் போடும் அளவுக்கு இடம் இருந்தது. பதினெட்டு வருஷமாக அது பெரியக்காவின் இடம். பித்தான் அறுந்த சட்டை, கீழ்விளிம்பு பிரிந்த கால்சட்டை, தோள் தொங்குகிற கோட்டு எல்லாம் அவள் கைக்குத்தான் வரும். பெரியக்கா என்று முதலில் அழைத்தது யார் என்பது அவளுக்கே மறந்துவிட்டது. வயதுக்காக அப்படிச் சொல்கிறவர்களும் இருந்தார்கள், பருமனுக்காகச் சொல்கிறவர்களும் இருந்தார்கள். எவர் எதை நினைத்துக் கூப்பிடுகிறார் என்பது, அந்தப் 'பெரிய'வை அவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

இடுப்பைப் பிரித்துத் தளர்த்தித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். எல்லோரும் மன்னிப்புக் கேட்பார்கள். போன வருஷம் சரியாக இருந்தது, இப்போதுதான் கொஞ்சம் எடை போட்டுவிட்டது, அடுத்த மாதம் குறைத்துவிடுவேன் என்று, ஏதோ அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத் தவறியவர்கள்போலத் தலையைக் குனிந்துகொண்டு சொல்வார்கள். "உடம்பு சரியாத்தான் இருக்கு. துணியை வெட்டினவன்தான் கஞ்சத்தனம் பண்ணியிருக்கான்," என்று சொல்லிவிட்டு இஞ்ச் டேப்பை எடுப்பாள். அதை அவள் இரக்கப்பட்டுச் சொல்வதில்லை. எரிச்சலில்தான் சொல்வாள். இந்த ஒரு விஷயத்தில் அவளுக்குக் கோபம் எப்போதும் தொண்டை வரை நிரம்பியே இருந்தது.

மூட்டைக்காரி அவளுக்கு அறிமுகமானது ஒரு கோட்டுப் பையிலிருந்து. உள்துணி மாற்ற வந்த கோட்டு அது. சொந்தக்காரர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். பையில் குழந்தைகளுக்கான கதைப் புத்தகம் ஒன்றை மறந்து வைத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் சும்மா இரண்டு பக்கம் புரட்டிப் பார்க்கலாம் என்று எடுத்தவள், சாப்பாட்டை மறந்துவிட்டாள். மறுநாள் ஆசிரியர் வந்து கேட்டபோது கோட்டு வேலை முடிந்து பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஆகவில்லை, நாளைக்கு வாருங்கள் என்று கூசாமல் பொய் சொன்னாள். அவளுக்கு இன்னும் முப்பது பக்கம் பாக்கி இருந்தது.

கதையில் மூட்டைக்காரி ஒரு துறைமுகத்தில் சுமை தூக்குகிறவள். பீப்பாய் போன்ற உடம்பு, இரண்டு மோவாய், முழங்கை வரை சுருட்டிவிட்ட கோடு போட்ட சட்டை. துறைமுகத்தில் எது திருட்டுப் போனாலும் அவள்தான் கண்டுபிடிப்பாள். கடைசியில் திருடனைத் துரத்தமாட்டாள், அடிக்கமாட்டாள். அவன்மேல் உட்கார்ந்துவிடுவாள். காவலர்கள் வந்து சேரும்வரை மெதுவாக ஒரு ஆப்பிளைத் தின்றுகொண்டிருப்பாள். ஒவ்வொரு புத்தகத்திலும் அந்த இடத்தில் ஒரே வரி வரும்: "உட்கார்ந்தாள், கேஸ் முடிந்தது."

பெரியக்கா அதுவரை படித்த கதைகளிலும் பார்த்த படங்களிலும் பருமனான பெண் என்றால் சமையல்காரியாக இருப்பாள், இல்லை வழுக்கி விழுந்து சிரிப்பு மூட்டுவாள். இங்கே அப்படி யாரும் சிரிக்கவில்லை, 'ஐயோ பாவம்' என்று சொல்லவும் இல்லை. கோட்டுப் பையில் இருந்தது மூன்றாம் புத்தகம். அதில் கிடங்குக்குள் கடல்நீர் புகும்போது, உடைந்த கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்று, ஐம்பது பேர் ஏணி ஏறித் தப்பும்வரை அவள் அசையாமல் தாங்குவாள். ஒல்லியாக இருந்திருந்தால் அத்தனை பேரும் போயிருப்பார்கள் என்று அந்த எழுத்தாளர் பச்சையாகவே எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தைப் படித்தபோது பெரியக்காவுக்கு வயது நாற்பத்து நான்கு. மிஷின்மேல் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எதிர்வரிசைப் புத்தகக் கடைக்குப் போய், தங்கை மகளுக்கு என்று சொல்லி ஐந்து பாகங்களையும் வாங்கி வந்தாள். தங்கை மகள் அப்போது பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள்.

பொம்மை செய்யும் எண்ணம் தானாக வந்தது. யாரும் வாங்கிக்கொண்டு போகாமல் கிடந்த ஒரு பழைய கோட்டின் பழுப்பு நிற உள்துணி கண்ணில் பட்டது. இது மூட்டைக்காரியின் தோல் நிறம் என்று மனசு சொன்னது. அவ்வளவுதான், கத்திரிக்கோல் எடுத்துவிட்டாள்.

முதல் பொம்மை உருப்படவில்லை. வயிறு காலிப் பை மாதிரித் தொங்கியது. இரண்டாவதில் பஞ்சை அழுத்தி அடைத்தாள். அது பந்துபோல் உருண்டு மேசையிலிருந்து விழுந்தது. அன்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் வயிற்றைத் தானே முதல்தடவையாக நிதானமாகப் பார்த்தாள். நிற்கும்போது முன்னே வருகிறது, உட்கார்ந்தால் மடியில் வந்து இளைப்பாறுகிறது, சாய்ந்தால் பக்கவாட்டில் இறங்குகிறது. பந்து அப்படியெல்லாம் செய்யாது. மூன்றாவது பொம்மைக்கு வயிற்றை ஆரஞ்சுச் சுளை வடிவத்தில் ஆறு துண்டாக வெட்டினாள். மேலே பஞ்சை இறுக்கமாகவும் கீழே தளர்வாகவும் வைத்தாள். அடியில், கழுவிக் காயவைத்த பொடிக் கூழாங்கற்களைச் சிறிய துணிப்பையில் கட்டி வைத்தாள். மோவாயை ஒரு உள்மடிப்பில் இரண்டாக்கினாள். புருவத்துக்கு நடுவே மூன்று தையல் போட்டதும் முகத்துக்கு அந்த முறைப்பு வந்துவிட்டது. மிஷின்மேல் வைத்ததும் 'டொப்'பென்று உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அசையவில்லை.

அவளுடைய கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவளைக் கூட்டிப்போகக் கடைக்கு வந்தவர், பொம்மையைக் கையில் எடுத்து எடை பார்த்தார். "எட்டுப் பேர் ஏறலாம்னு போட்டிருக்கிற லிஃப்ட்ல இவ ஏறினா ஏழு பேர்தான் ஏற முடியும்," என்றார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பெரிய லிஃப்டாப் போட்டுட்டாப் போச்சு," என்று சேர்த்துக்கொண்டார். அவள் சிரித்துவிட்டாள்.

கோட்டுக்கார ஆசிரியர் பொம்மையைப் பார்த்துத் தனக்கொன்று கேட்டார். புத்தகக் கடைக்காரப் பெண் கேட்டாள். அவள் கடை ஜன்னலில் அதைப் பார்த்தவர்கள் வந்து கேட்டார்கள். கேட்டவர்களில் பாதிப்பேர் குழந்தைகளே இல்லாதவர்கள். ஒரு வருஷத்துக்குள் இருபது மூட்டைக்காரிகள் பல வீடுகளின் அலமாரிகளில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்படித்தான் பதிப்பகத்து விளம்பர அதிகாரியின் கண்ணிலும் பட்டது. உடம்போடு ஒட்டின சட்டை போட்ட இளைஞர், கைகூப்பாத குறையாகப் பேசினார். ஆறாம் புத்தகம் வெளிவரப் போகிறது, எழுத்தாளரே வருகிறார், நூலக மண்டபத்தில் விழா. புத்தகத்துக்கு ஒன்றாக ஆறு பொம்மைகள் மேடை ஓரத்தில் வைக்க வேண்டும் என்றார். "அப்படியே புத்தகத்திலேருந்து எறங்கி வந்த மாதிரி இருக்கா மேடம்," என்று சொன்னதில் பெரியக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஒரு மாதம் மத்தியான இடைவேளைகள் எல்லாம் அதற்கே போயின. ஆறும் ஒரே அச்சாக இருக்கக்கூடாது என்று வைராக்கியமாகச் செய்தாள். முதல் புத்தகத்து மூட்டைக்காரிக்கு இடுப்பில் கொக்கி. இரண்டாமவளுக்குக் கட்டைவிரலில் கட்டு. மூன்றாமவளுடைய சட்டையை மார்பு வரை சாயத்தில் முக்கி, கடல்நீர் ஏறி நின்ற கோட்டை அப்படியே கொண்டுவந்தாள். நான்காமவளின் மூக்கில் திருடனிடமிருந்து பிடுங்கின மூக்குக்கண்ணாடி. ஐந்தாமவளுக்கு ஒரு காலில் செருப்பு இல்லை. ஆறாம் புத்தகம் இன்னும் வரவில்லை என்பதால் அதிகாரியிடம் கேட்டாள். சிவப்புக் கழுத்துத்துணி என்று மட்டும் சொன்னார். விழாவுக்குப் பத்து நாள் முன்னால், ஆறையும் பருத்தித் துணியில் சுற்றி, குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறவள்போல இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தனுப்பினாள்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தனக்குத்தானே தைத்துக்கொண்ட கரும்பச்சை உடுப்பைப் போட்டுக்கொண்டாள். கணவர் முகத்தை ஒட்ட மழித்து, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். நூலக மண்டபத்தில் நூறு நாற்காலிகள், முக்கால்வாசி நிரம்பியிருந்தன. மேடைக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசை, அதன்மேல் பொம்மைகள்.

முதலில் அவை வேறு யாரோ செய்தவை என்றுதான் நினைத்தாள். யாரோ ஒரு ஒல்லிப் பெண்ணை ஆறு தடவை செய்து நிறுத்தியிருந்தார்கள். கிட்டே போன பிறகுதான் கடல்நீர்க் கோடு தெரிந்தது. கட்டைவிரல் கட்டு தெரிந்தது. அவள் போட்ட மூன்று தையல் முறைப்பு ஆறு முகங்களிலும் அப்படியே இருந்தது.

வயிறு இல்லை. அக்குளிலிருந்து தொடை வரை இரண்டு பக்கமும் பிரித்து, உள்ளே இருந்ததை உருவி எடுத்துவிட்டு, நீளநீளமான மிஷின் தையலில் ஒட்டப் பிடித்துத் தைத்திருந்தார்கள். மோவாய் மடிப்பை வெட்டி இழுத்துவிட்டிருந்தார்கள். அடியில் இருந்த கல்பையும் போய்விட்டதால் ஒருத்தியாலும் உட்கார முடியவில்லை. இரும்புக் கம்பித் தாங்கியில், இடுப்பில் கம்பி சுற்றி நிறுத்தியிருந்தார்கள். மூன்றாமவளின் சட்டையைப் பிடித்துத் தைத்ததில் கடல்நீர்க் கோடு ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பின்னால் அடுக்கியிருந்த புதுப் புத்தகத்தின் அட்டையில், கொடியிடையில் கை வைத்துக்கொண்டு, தோளில் தம்மாத்துண்டு பையோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் சிவப்புத் துணி.

பெரியக்காவுக்குத் தன் உடம்பிலேயே யாரோ கேட்காமல் கத்திரிக்கோல் வைத்ததுபோல் இருந்தது. மேசையின் முன்னால் ஓர் அட்டை. பொம்மைகள் உருவாக்கம் என்று போட்டு, கீழே அவள் பெயரை அழகாக அச்சடித்திருந்தார்கள்.

விளம்பர அதிகாரி சிரித்த முகத்தோடு வந்தார். எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டதுதான் பாக்கி.

"யார் செஞ்சது இது?" என்றாள்.

நீங்கள் செய்ததுதான் என்றார் அவர். முகம் அதேதான், கைகள் அதேதான், புது அட்டையோடு பொருந்த வேண்டும் என்பதற்காக ஒரு தையல்காரரிடம் கொடுத்துக் கொஞ்சம் வடிவம் சரிசெய்தோம், அவ்வளவுதான் என்றார். உங்களிடம் சொல்லலாம் என்றுதான் இருந்தோம், நேரமே இல்லை என்றார். அவள் முகம் மாறாததைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு படி இறங்கி வந்து விளக்கினார். பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் இந்தப் புத்தகம் போகப் போகிறது.

"குழந்தைங்க முன்னாடி ஒரு ஆரோக்கியமான உருவத்தை வைக்கணும்னு பார்க்கிறோம் மேடம்."

அதுவரை என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றவளுக்கு அந்த ஒரு வார்த்தையில் நாக்குக் கட்டு அவிழ்ந்துவிட்டது.

"ஆரோக்கியமா? நூறு கிலோ மூட்டையைத் தூக்கிட்டு ஏணி ஏறுறவ சார் அவ. அஞ்சு புத்தகத்துல ஒரு நாள் தலைவலின்னு படுத்ததில்ல. நீங்க ஒரு மூட்டையைத் தூக்கிட்டு இந்த மண்டபத்தை ஒரு சுத்து சுத்தி வாங்க, அப்புறம் நாம ஆரோக்கியத்தைப் பத்திப் பேசலாம்."

முன்வரிசையில் பேச்சு நின்றது. அதிகாரி குரலைத் தாழ்த்தி, உங்கள் பெயரைக்கூடப் போட்டிருக்கிறோமே என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு உச்சந்தலையில் ஏறியது. மூன்றாமவளைக் கையில் எடுத்து, விலாவில் ஓடிய தையலை அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"இந்தத் தையலுக்குக் கீழ என் பேரா? சாக்குக்குக்கூட நான் இப்படித் தைச்சதில்லை."

பிறகு, உள்ளே இருந்ததெல்லாம் எங்கே என்று கேட்டாள். அவருக்குப் புரியவில்லை. "பஞ்சு சார். கல்லு. ஆறு பேரோட வயிறு," என்றாள். அவர் திருதிருவென்று விழித்தார். பின்னாலிருந்து, விழாவில் புத்தகம் விற்க வந்திருந்த புத்தகக் கடைக்காரப் பெண்தான் மெதுவாக வந்து, பதிப்பகத்திலிருந்து பொம்மைகள் வந்த பெட்டியிலேயே அதுவும் ஒரு பையில் இருக்கிறது, மேசைக்கு அடியில் வைத்திருக்கிறேன் என்றாள். பெட்டியைப் பிரித்தபோதே அவள் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, விழா முடியட்டும் என்று பேசாமல் இருந்திருக்கிறாள். "நான் உங்களுக்குச் சொல்லியிருக்கணும் அக்கா," என்றாள். ஆமாம், சொல்லியிருக்க வேண்டும் என்று பெரியக்கா முகத்தில் அடித்தாற்போல் சொன்னாள். அதற்குமேல் அவளிடம் பேசவில்லை. பையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

கம்பிகளைப் பிரித்து ஆறு பேரையும் விடுவித்தாள். மேடைக்கு நேர் எதிரே சிறப்பு விருந்தினர்களுக்காக ஒரு சோபா போட்டிருந்தது. அதன் நடுவில் போய் உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்து, தையல் பிரிக்கும் குட்டிக் கத்தியையும் ஊசிநூலையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முதல் பொம்மையின் விலாவைப் பிரிக்க ஆரம்பித்தாள். வேறு எதையும் யோசித்து அவள் அங்கே உட்காரவில்லை. மண்டபத்தில் வெளிச்சம் நன்றாக விழுந்த இடம் அது, அவ்வளவுதான். ஆனால் நான்காம் வரிசையில் அம்மாவோடு வந்திருந்த ஒரு சிறுமி, "அம்மா, உக்காந்துட்டா," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டாள். அந்த மண்டபத்தில் அந்த வரி தெரியாதவர்கள் யாரும் இல்லை. சிரிப்பு அங்கங்கே கிளம்பி, மண்டபம் முழுக்கப் பரவியது.

அதிகாரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்து அறையில் உட்கார்ந்து செய்யலாமே என்றார். விழா முடிந்ததும் செய்யலாமே என்றார். இவை பதிப்பகத்தின் பொருள் என்று சொல்லிப் பார்த்தார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கணவரிடம் போய், நீங்களாவது சொல்லுங்கள் என்றார்.

"எனக்குத் தெரிஞ்சது லிஃப்ட் ஒண்ணுதான் சார்," என்றார் அவர். "அது நடுவில நின்னுடுச்சுன்னா, எதுக்கு நின்னுச்சுன்னு பார்க்காம அதைத் தள்ளக்கூடாது."

சொல்லிவிட்டு, மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பிரித்துத் தந்த பஞ்சை விரலால் உதிர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

எழுத்தாளர் வந்தபோது இரண்டு மூட்டைக்காரிகளுக்கு வயிறு திரும்பியிருந்தது. அறுபது வயது இருக்கும், காற்றடித்தால் சாய்ந்துவிடுகிற உடம்பு, பழைய சாம்பல் நிறக் கோட்டு. அதிகாரி அவர் காதில் ஏதோ ஓதினார். அவர் அதைப் பாதியில் விட்டுவிட்டு நேரே சோபாவுக்கு வந்து, உட்கார்ந்திருந்த இரண்டு பொம்மைகளையும் பார்த்தார். ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் வயிறு அவர் கைமேல் சாய்ந்தது. இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று பெரியக்கா அப்போதும் நம்பினாள்.

"அட்டையை மாத்தினது உங்களுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டாள்.

தெரியும் என்றார். என்னிடம் கேட்டார்கள், நான் சரி என்று சொல்லிவிட்டேன் என்றார். சத்தமே வராத குரலில், அட்டை மட்டும் இல்லை என்றும் சொன்னார். ஆறாம் புத்தகத்தில் அவள் இளைத்துவிடுகிறாள். நான்காம் பக்கத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வருகிறது.

"எத்தனை நாள் காய்ச்சல்?"

"ஒரே ஒரு பத்திதான்மா."

பெரியக்கா ஊசியை நிறுத்தினாள். அதிகாரி மேல் வந்த கோபம் வேறு, இது வேறு. அவர் யாரோ ஒருவர். இவர் கிடங்குக் கதவை எழுதியவர்.

"அஞ்சு புத்தகமா வளர்த்த உடம்பை ஒரே பத்தியில உருக்கிட்டீங்களா? கடல் தண்ணி உள்ள வந்தப்போ அந்தக் கதவைத் தாங்கினது எது சார், இந்த இடுப்பா? அவ ஒல்லியா இருந்திருந்தா அம்பது பேரும் போயிருப்பாங்கன்னு நீங்கதானே எழுதினீங்க. நான் படிச்சேன் சார். எனக்கு நாப்பத்து நாலு வயசு அப்போ. அதுவரைக்கும் என்கிட்ட யாரும் அப்படிச் சொன்னதில்லை."

பள்ளிக்கூடங்கள் வாங்காது என்றார்கள், நான் சண்டை போடத் தெரியாதவன் என்று முணுமுணுத்தார். பொம்மையைச் சோபாவில் பத்திரமாக உட்கார வைத்துவிட்டு மேடை ஏறினார்.

அவர் மூன்றாம் புத்தகத்தை எடுத்துப் படிப்பார் என்று பெரியக்காவின் கணவர் எதிர்பார்த்தாராம். அப்படியெல்லாம் நடக்கவில்லை. ஆறாம் புத்தகத்தைத்தான் படித்தார். முதல் மூன்று பக்கங்கள் நன்றாகவே போயின. நான்காம் பக்கத்தில் காய்ச்சல் வந்தபோது அவர் குரல் தேய்ந்தது. மண்டபத்தில் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை, எல்லாக் கண்களும் சோபாவில் இருந்தன. அங்கே மூன்றாமவளின் வயிற்றுக்குள் கல்பை போய்க்கொண்டிருந்தது. கற்கள் ஒன்றோடொன்று உரசின சத்தம் அந்த அமைதியில் பின்வரிசை வரைக்கும் கேட்டது. அவர் அந்தப் பத்தியை முடித்தார், அடுத்ததைத் தொடங்கினார், பிறகு தொண்டை சரியில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் இரண்டு மூன்று இடத்தில் எழுந்து, வெட்கப்பட்டதுபோல் அடங்கியது.

ஆறாமவளின் கடைசித் தையலைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்துவிட்டுப் பெரியக்கா எழுந்தாள். தன் பெயர் போட்ட அட்டையை மேசையிலிருந்து எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கணவர் கையில் மூன்று, தன் கையில் மூன்று என்று பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு நடுவழியாக நடந்து வெளியே போனாள். யாரும் தடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. மூட்டைக்காரி என்ற பாத்திரம் பதிப்பகத்துக்கு உரிமையானது என்றும், அனுமதியில்லாமல் அதன் உருவத்தில் பொம்மை செய்யக்கூடாது என்றும் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். கணவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, சட்டப்படி அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம் என்றார். பெரியக்கா மிஷினை நிறுத்தினாள். அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே, துணிக்கு அளவு குறிக்கிற பென்சிலால் பதில் எழுதினாள். "உங்கள் அட்டையில் இருக்கும் பெண்ணை நான் செய்யவில்லை. அவள் யாரென்றே எனக்குத் தெரியாது." அதை அப்படியே உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினாள். அதற்கு அவர்களிடமிருந்து பதில் வரவில்லை.

எழுத்தாளர் ஒரு நாள் கடைக்கே வந்தார். அதே சாம்பல் கோட்டு, கையில் அறுந்த பித்தான் ஒன்று. பித்தானை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். கோட்டைப் போட்டுக்கொண்ட பிறகும் அவர் போகவில்லை. கண்ணாடி ஜன்னல் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஆறு பேரையும் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்று தனக்குக் கிடைக்குமா என்று கேட்டார். எழுதும் மேசைமேல் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். அவர் கேட்ட விதத்தில் அவளுக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனாலும் தலையாட்டவில்லை.

"முதல்ல அவளை எழுதிட்டு வாங்க சார். நான் கண்ணால படிக்கணும். அப்புறம் தர்றேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நியாயம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்றரை வருஷம் கழித்து ஏழாம் புத்தகம் வந்தது. புத்தகக் கடைக்காரப் பெண் அதைத் தெருவைத் தாண்டி எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். விழாவுக்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சுக் குறைந்திருந்தது, அன்றுதான் மறுபடி ஒழுங்காகப் பேசினார்கள். முதல் பக்கத்தில் மூட்டைக்காரி ஒரு படகில் கால் வைக்கிறாள், படகு அந்தப் பக்கம் சாய்கிறது, படகுக்காரன் வாய் திறக்குமுன் நீ இந்தப் பக்கம் நகர்ந்து உட்கார் என்கிறாள். இரண்டு மோவாயும் இருந்தன. இளைத்தது பற்றியோ, மறுபடி பெருத்தது பற்றியோ ஒரு எழுத்தும் இல்லை. ஆறாம் புத்தகமே நடக்காததுபோல் எழுதியிருந்தார். அட்டையில் மட்டும் அதே கொடியிடைக்காரி, இந்தத் தடவை கையில் துடுப்போடு நின்றாள்.

பெரியக்கா புத்தகத்தை முழுக்கப் படித்து முடித்த பிறகே எழுத்தாளருக்குப் பொம்மை செய்தாள். புதிதாகத்தான் செய்தாள், அந்த ஆறில் ஒன்றைக் கொடுக்கவில்லை. அட்டையைப் பற்றிப் பதிப்பகத்துக்கு மூன்று கடிதம் போட்டாள். நான்காவதை இப்போது மனசுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அந்த ஆறு பேரும் இன்றைக்கும் ஜன்னலோரத்தில்தான் இருக்கிறார்கள். எவ்வளவு நுணுக்கமாகத் தைத்தும், பிரித்த இடத்தில் துணி இழை விட்டுப்போய், அக்குளிலிருந்து தொடை வரை மெல்லிய தழும்பு தெரிகிறது. கொடுத்த உடுப்பைத் திருப்பி வாங்க வருகிறவர்களில் யாராவது அதைப் பார்த்துவிட்டு, இது என்ன கோடு என்று கேட்பார்கள். அவள் மிஷினை நிறுத்திவிட்டு, நூலக மண்டபத்தில் தொடங்கிக் கடைசிவரை சொல்வாள். ஆரோக்கியம் என்ற வார்த்தை வருகிற இடத்தில் இப்போதும் குரல் நடுங்கும். அதற்குள் நாலு பேர் பின்னால் வரிசையில் சேர்ந்துவிடுவார்கள். அவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.